ரஹீம் ஆசிரியரும் பாளையத்துப் பிள்ளைகளும்

சிக்கந்தராபாத்தில் ஒரு சிறிய கால்பந்துக் கழகத்தின் ஆண்டு விழாவிற்கு அண்மையில் சென்றிருந்தோம். நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்தமையால் போனோமேயன்றி, பந்தாட்டத்தில் நமக்குப் பெரும்புலமை உண்டென்று எவரும் எண்ண வேண்டா. மைதானத்தின் ஓரத்தில் ஒரு ஷாமியானா. அதன் கீழே வரிசையாக நாற்காலிகள். தட்டுத் தட்டாக ஈரானித் தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும். முன்வரிசையில் பழைய ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பொன்னாடை போர்த்தி அமர்ந்திருந்தனர். ஒருவர் முழங்காலைத் தடவியவாறே இருந்தார். மற்றொருவர், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்பதைக் கைத்தடியால் தரையில் கோடு கிழித்துப் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பந்து வந்து ஐம்பது ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

விழா நடத்தியவர் ஹைதராபாத்தின் பழைய வெற்றிகளை ஏட்டிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை ஹைதராபாத் நகரக் காவல் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. டில்லியின் டூரண்ட் கோப்பையை 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் வென்றது. மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையும் 1956, 1957 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஹைதராபாத்துக்கே வந்தது. பட்டியல் இவ்வாறு நீண்டுகொண்டே போகையில், எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் கையை உயர்த்தினார். “கோப்பைக் கணக்குப் போதும், மியான்! பலராமன் சைக்கிள் கதையைச் சொல்லு” என்று தக்கனி உருதுவில் கூறினார். பிறகு நம் பக்கம் திரும்பி, “தம்பிக்கு எந்த ஊர்?” என்று தமிழில் கேட்டார். ஊரைச் சொன்னோம். “நாங்களும் அந்தப் பக்கந்தான். வந்து நாலு தலைமுறை ஆச்சு. படையோட வந்தவங்க” என்றார்.

படையோடு வந்தவர்கள் என்னும் அச்சொல்லில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நிஜாமின் நாட்டில் நிலைகொண்ட கும்பினிப் படை, சென்னை ராஜதானிப் படையினின்றும் வந்ததாகும். 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் சிக்கந்தராபாத் எழுந்தபோது சிப்பாய்களுடன் சமையற்காரரும், கணக்கரும், குத்தகைதாரரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறினர். திவான் பகதூர் பத்மராவ் முதலியாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் பத்மராவ் நகர் அக்குடியேற்றத்தின் செல்வச் செழிப்பைக் காட்டுவது. செல்வம் சேராத குடும்பங்களோ பொலாரம், திருமலகிரி, அம்முகுடா முதலிய இடங்களிலே படைக் குடியிருப்புகளை அண்டி வாழ்ந்தன. வெள்ளைச் சிப்பாய்கள் மாலையில் பந்து விளையாடினார்கள். வேலியோரத்தில் நின்று பார்த்த பிள்ளைகள் வெறுங்காலோடு கற்றுக்கொண்டார்கள்.

இப்பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். உபசாரத்துக்காக ஆசிரியர் என்கிறோமல்லோம். 1909இல் ஹைதராபாத்தில் பிறந்த சையது அப்துல் ரஹீம் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளிக்கூடங்களில் பாடம் கற்பித்தவர். காச்சிகூடா நடுநிலைப் பள்ளியும் சாதர்காட் உயர்நிலைப் பள்ளியும் அவர் பணியாற்றிய இடங்களுள் சில. 1950இல் காவல் அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்ற அவர், 1963இல் இறக்கும்வரை அதனைக் கைவிடவில்லை. விழாவிற்கு வந்திருந்த முதியவர்கள் அவரை ‘ரஹீம் சாப்’ என்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்கு அச்சொல்லைத் தமிழாக்கும் துணிவு வரவில்லை. ‘ஐயா’ என்றாலும் குறைகிறது. ‘வாத்தியார்’ என்றால் ஓரளவு நெருங்குகிறது.

அவர் கற்பித்த முறையும் பள்ளிக்கூட முறையே. பந்தை உருட்டிக்கொண்டு ஓடலாகாது, வந்த பந்தை உடனே கூட்டாளிக்குத் தள்ளவேண்டும் என்னும் விதியுடன் ஒரு போட்டி வைப்பார். வலக்காற் பழக்கமுள்ளவன் இடக்காலால் மட்டுமே ஆடவேண்டுமென்று இன்னொரு போட்டி. பந்து குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எழும்பலாகாதென்று வேறொன்று. கைத்தடிக்காரர் இதைச் சொல்கையில், “இடக்கால் போட்டி நடந்த அன்னிக்கு எங்களப் பாக்க ஊரே சிரிச்சுது” என்றார். சிரிப்புக்கு இடமான இப்பயிற்சியின் பயனை 1956இல் மெல்போர்ன் கண்டது. அவ்வொலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்ற இந்திய அணி நான்காம் இடத்தைப் பெற்றது. நெவில் டிசூசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். நான்கே ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பிய நாடு இது என்பதை நினைத்தால்தான் இடையில் நடந்த உழைப்பின் அளவு விளங்கும்.

மெல்போர்ன் சென்ற அணியில் ஹைதராபாத் வளர்த்தெடுத்தவர் எண்மர்: அஜீசுத்தீன், லத்தீப், நூர் முகம்மது, அகமது உசேன், சலாம், ஜுல்பிகாருத்தீன், பலராமன், தங்கராஜ். கடைசி இரு பெயர்களை நேயர்கள் கவனித்திருப்பீர்கள்.

துளசிதாஸ் பலராமன் 1936இல் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. பந்தாட்டத்துக்கான காலணி வாங்க வீட்டில் வழியில்லை. காவலர்களின் பழைய பூட்ஸிலிருந்து தோலெடுத்துத் தைத்த காலணியே அவருக்கு முதற் காலணி. முதியவர் கேட்ட சைக்கிள் கதை இதுதான். பலராமனின் ஆட்டத்தை ஒரு நாள் கண்ட ரஹீம், பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். அம்முகுடாவிலிருந்து நகருக்கு நாள்தோறும் போய்வரக் காசில்லை என்று பையன் தயங்கினான். ரஹீம் சைக்கிள் வாடகைக்குத் தம் கையிலிருந்து பணம் கொடுத்தார். அந்த வாடகைச் சைக்கிளில் வந்த பையன் இருபது வயதில் ஒலிம்பிக் ஆடினான். 1960இல் ரோம் நகரில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் போட்டான். விழா நடத்தியவர் கதையைச் சொல்லி முடித்ததும், “வாடகையைச் சொன்னே, அதைக் கொடுத்தவர் சம்பளத்தையும் சொல்லு, பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம்” என்று முதியவர் சேர்த்தார்.

பீட்டர் தங்கராஜ் 1935இல் ஹைதராபாத் நாட்டில் பிறந்தவர். சிக்கந்தராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் கழகங்களில் ஆடிப் பின் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்தார். முன்னணியில் நின்று கோல் அடிக்கத் தொடங்கியவர், பின்னரே கோல் காக்கப் போனார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம் அதற்கு உதவிற்று. 1955, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் அப்படை அணி டூரண்ட் கோப்பையை வென்றது. படையைத் தொடர்ந்து வடக்கே வந்த குலத்தின் பிள்ளை, அதே படையால் நீலகிரியின் வெலிங்டனுக்குத் திரும்பியதை எண்ணுகையில் நமக்குச் சற்று வியப்பாக இருந்தது.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடமளிக்க மறுத்ததை இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி கண்டித்தமையால் ஊரே இந்தியரைப் பகைத்தது. இறுதியாட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நம்மவரை ஏளனக் கூச்சலோடு வரவேற்றனர். எதிரணி, முதற் சுற்றில் நம்மை 2-0 என வென்றிருந்த தென் கொரியா. தலையில் தையலிட்ட காயத்தோடிருந்த ஜர்னைல் சிங்கைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்னணியில் நிறுத்தினார் ரஹீம். கோல் காக்கத் தங்கராஜ். பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடிக்க, 2-1 என்று தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வேளையில் ரஹீமின் நுரையீரலில் புற்றுநோய் இருந்தது. 1963 ஜூன் 11இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் பலராமனும் நுரையீரல் நோயால் ஆட்டத்தை விட நேர்ந்தது. அப்போது அவர் இளம் வயதினரே.

ஷாமியானாவின் கீழ் இவ்விடத்தில் பேச்சுச் சூடேறியது. “கல்கத்தாக்காரன் வந்து எல்லாரையும் கொண்டுபோயிட்டான்” என்றார் முழங்காலைத் தடவியவர். பலராமன் 1957இலேயே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். நயீமுத்தீனும் ஹபீபும் 1966இல் அங்கே சென்றனர். “கொண்டுபோனானா, சோறு போட்டானா? சொல்லு” என்று முதியவர் மறித்தார். இருவரும் உண்மையே பேசினர் என்பது நம் கருத்து. ஆயினும் முதியவரின் பக்கம் நியாயம் சற்று மிகுதி. ஹைதராபாத்தில் பந்தாட்டக்காரனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் காவல்துறை வேலை. ஒரே துறையின் தயவில் நின்ற ஆட்டம் அத்துறையின் ஆர்வம் தளர்ந்ததும் தளர்ந்தது. 1965ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் கோப்பையை வென்றதும் ரஹீம் விதைத்ததன் கடைசி அறுவடை எனலாம். அவருக்குப்பின் இன்னொரு வாத்தியாரைத் தேடிவைக்க யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. போனவர்கள் போன இடத்தில் ஒளி வீசினார்கள். 1970இல் பாங்காக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்கு நயீமுத்தீன் தலைவர். 1977இல் பெலே ஆடிய காஸ்மாஸ் அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் கோல் போட்டவர் ஹபீப். அண்மைக் காலத்தில் தோன்றிய ஹைதராபாத் எப்.சி. என்னும் குழு 2022இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2025இல் அதுவும் டில்லிக்குப் பெயர்ந்துவிட்டது. அதைப் பற்றி முதியவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தங்கராஜ் 2008இல் பொகாரோவில் காலமானார். பலராமன் 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் மறைந்தார். ரஹீமைப் பற்றிய ‘மைதான்’ திரைப்படம் மறு ஆண்டே வெளிவந்தது. பலராமனும் தங்கராஜும் தமிழ்நாட்டில் நிலையாகக் குடியிருந்தவரல்லர். ஆதலால் அங்கே அவர்கள் பெயரை அறிந்தோர் சிலரே. அயல் மாநிலத்தில் வாழும் நம் போன்றோர் பிள்ளைகளிடம் சொன்னாலன்றி வேறு யார் சொல்லுவார்கள் என்று நாம் முதியவரிடம் கேட்டோம். அவர், “எங்க பேரனுக்குத் தமிழ் வராது, தம்பி. உருதுவில் சொல்லியிருக்கேன்” என்றார்.

விழா முடிவில் சிறுவர்களுக்கு ஒரு காட்சியாட்டம் இருந்தது. தொடங்குமுன் கைத்தடிக்காரர் எழுந்து சென்று நடுவரின் காதில் ஏதோ கூறினார். நடுவர் சிரித்துக்கொண்டே சிறுவர்களை அழைத்து, இடக்காலால் மட்டுமே ஆடவேண்டும் என்று அறிவித்தார். ஒருவன் தடுக்கி விழுந்தான். ஒருவன் காற்றை உதைத்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் மட்டும் சிரிப்பில்லை. பந்து யாரிடம் போகிறது என்று எண்மரும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.