41 ஹெர்ட்ஸ்: மெட்ராஸ் பாட்டுக்கு அடியில் ஓடிய பேஸ்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடு ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்குது. 41.

நாலு கம்பி பேஸ் கிட்டாரிலும் சரி, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸிலும் சரி, தடிமனான கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் ஸ்வரம் ஈ. நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள், அதாவது 41 ஹெர்ட்ஸ். உங்க போன் ஸ்பீக்கரால அதை எழுப்பவே முடியாது. 1980-ல டீக்கடை ஷெல்ஃப்ல உட்கார்ந்திருந்த ரேடியோவாலயும் முடியாது. ஆனாலும் அந்த ரேடியோவில் பாட்டு கேட்டு வளர்ந்தவங்க, இளையராஜா பாட்டோட பேஸ் லைனை இன்னைக்கும் வாயாலேயே "தும் துதும்"னு பாடிக் காட்டுறாங்க. ஸ்பீக்கர்ல வராத சத்தம் அவங்க காதுக்கு எப்படிப் போச்சு?

"பேஸ் வாங்கலாம்னு இருக்கேன், எந்த ஸ்ட்ரிங், எந்த ஸ்பீக்கர்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கும் கடைசியில வரேன். ஆனா இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே வரலாற்றுக்குள்ளதான் இருக்கு.

நரம்பு, எஃகு, காந்தம்

பழைய தமிழில் யாழின் தந்திக்குப் பெயரே நரம்பு. ஐரோப்பாவிலும் கதை அதுதான். டபுள் பேஸுக்கு நூற்றாண்டுகளாக ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த கம்பிகளே இருந்தன. சத்தம் இதமாக இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் சுருதி நகரும். நவம்பர் மாத மெட்ராஸ்ல அதை வச்சிக்கிட்டு என்ன பாடு பட வேண்டியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதில் கொஞ்சம் பிசிக்ஸ் இருக்கு, பயப்படாதீங்க. சுருதி குறையணும்னா மூணே வழி: கம்பியை நீளமாக்கணும், தளர்த்தணும், இல்ல கனமாக்கணும். டபுள் பேஸ் பெரிசா இருக்கிறது நீளத்துக்காக. தளர்த்தினால் கம்பி தொளதொளன்னு ஆடும். அதனால் கனத்தைக் கூட்ட, நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்னொரு உலோகக் கம்பி என்று சுற்றினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் எஃகுக் கம்பிகள் குடல் கம்பியை ஓரம் கட்டின. வியன்னாவின் தாமஸ்டிக் கம்பெனி செய்யும் ஸ்பைரோகோர் கம்பியை ஜாஸ் வாசிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

1951-ல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரெசிஷன் பேஸ்' கொண்டு வந்தார். 34 அங்குலக் கம்பி நீளம், கழுத்தில் ஃப்ரெட், உடம்பில் காந்த பிக்கப். ஃப்ரெட் இருப்பதால் விரல் கொஞ்சம் முன்பின் போனாலும் சுருதி துல்லியமாக வரும், அதனாலதான் 'பிரெசிஷன்'னு பேர். ஆரம்பத்தில் இதில் போட்டது ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். மேலே சுற்றியிருப்பது தட்டையான பட்டை. விரல் உரசினால் 'கீச்' சத்தம் வராது. டோன் இருட்டாக, டபுள் பேஸுக்குப் பக்கத்தில் இருக்கும். 1966-ல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனி, 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பியைக் கொண்டு வந்தது. அதில் சுற்றுக் கம்பி உருண்டை. பியானோ மாதிரி பளிச்சென்ற சத்தம்.

உலகத்துல இன்னைக்கும் பேஸ் பிளேயர்கள் சண்டை போடுறது இந்த ரெண்டுக்கு நடுவுலதான்.

வேளச்சேரியில ஏறினா

இப்ப மெட்ராஸுக்கு வருவோம். நான் ரெக்கார்ட் பண்றது வேளச்சேரியில. இங்க பறக்கும் ரயில் ஏறினீங்கன்னா, நம்ம ஊர் பேஸ் வரலாற்றில் பாதியை ஜன்னல் வழியாவே பார்த்துடலாம்.

முதலில் திருமயிலை. மயிலாப்பூரில்தான் தன்ராஜ் மாஸ்டர் பாடம் சொல்லிக் கொடுத்தார். வெஸ்டர்ன் கிளாசிக்கல், ஸ்டாஃப் நோட்டேஷன், பாக், ஹார்மனி. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா அங்கே படித்தவர். பாக் இசையைக் கற்றவருக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறிவிடும்: அடியில் ஓடும் குரல் வேலைக்காரன் கிடையாது. மேலே ஒரு மெட்டு போனால், கீழே இன்னொரு மெட்டு தன் இஷ்டத்துக்குப் போகும். ரெண்டும் இடிக்காது. இதுக்குப் பேர் கவுண்டர்பாயிண்ட்.

அடுத்து சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து அண்ணா சாலைக்குப் போனால் மியூசி மியூசிக்கல். 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய கடை. வாத்தியம் வாங்குவதும் இங்கேதான், லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வு எழுதுவதும் இவங்க மூலமாகத்தான். இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் தங்கப் பதக்கம் வாங்கியது அந்த டிரினிட்டி தேர்வில். அதே ஸ்டேஷன் பக்கத்துலதான் ரிச்சி ஸ்ட்ரீட். ஆம்ப் போர்டு, வூஃபர், பெட்டி எல்லாம் தனித்தனியா வாங்கி நாமே அசெம்பிள் பண்ணிக்கலாம்.

கடைசியில் பீச் ஸ்டேஷன். எதிரில் பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட கடைகள். வெளிநாட்டு டேப் ரெக்கார்டருக்கு ஊரே இங்கதான் வந்தது. ஏன்னா அன்னைக்கு நேர்வழியில வாங்குறது அவ்வளவு சுலபம் இல்லை. 1991 வரைக்கும் எதற்கும் லைசென்ஸ், நுகர்வுப் பொருள் இறக்குமதிக்குக் கடைசிக் கட்டுப்பாடுகள் போனது 2001 ஏப்ரலில். ஒரு செட் பேஸ் கம்பி அறுந்தா இன்னைக்கு ஆப்ல தட்டினா ரெண்டு நாள்ல வந்துடும். அன்னைக்கு வெளிநாடு போய் வர்ற யாரோ ஒருத்தரோட பெட்டிதான் டெலிவரி. அந்த நிலைமையில் எந்தக் கம்பி அதிக நாள் உழைக்கும் என்பது டோன் சார்ந்த கேள்வி மட்டும் இல்லை, பிழைப்பு சார்ந்த கேள்வி.

இந்த லைன்ல இல்லாத இடம்

இந்த ரயில் போகாத இடம் சாலிகிராமம். பிரசாத் ஸ்டுடியோ அங்கே. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் ஸ்டுடியோக்களில் அன்று பாட்டு எப்படிப் பதிவானது என்று தெரிந்தால்தான் பேஸ் கிட்டார் ஏன் ஜெயித்தது என்று புரியும்.

மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே நேரத்தில் வாசிக்கும். வயலின்கள், தபலா, டிரம்ஸ், புல்லாங்குழல், கூடவே பாடகர். ஒருத்தர் தப்பு பண்ணினா எல்லாரும் முதல்ல இருந்து. விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துப் பாடல்களில் அடியில் 'டும் டும்' என்று நடப்பது டபுள் பேஸ். அழகான சத்தம். ஆனால் ரெக்கார்டிங் என்ஜினியருக்குத் தலைவலி. அதற்கு மைக் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். டபுள் பேஸ் சத்தம் மெலிசு, பக்கத்தில் டிரம்ஸ் சத்தம் பெரிசு. பேஸை ஏத்தினால் டிரம்ஸும் சேர்ந்து ஏறும்.

பேஸ் கிட்டாரில் அந்தப் பிரச்சினையே கிடையாது. பிக்கப் பிடிப்பது கம்பியின் அதிர்வை மட்டும்தான். ஒயரை ஒரு சின்ன பெட்டி வழியாக நேராக மிக்சருக்குக் கொடுத்துவிடலாம், டி.ஐ. என்று சொல்வார்கள். மைக்கும் இல்லை, கசிவும் இல்லை. எங்க பாஷையில சொல்லணும்னா, கிளீன் சிக்னல். பேஸ் முதல் தடவையாகத் தனியாக, தெளிவாக, வேண்டிய அளவுக்கு மேலே ஏத்தக்கூடிய ஒரு குரலாக ஆனது.

1976-ல் 'அன்னக்கிளி'. 1978-ல் 'பிரியா' பாடல்கள் ஸ்டீரியோவில். 1980-ல் 'மூடுபனி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. மூடுபனியின் அந்த கிட்டார் பாட்டை ஹெட்ஃபோன்ல போட்டு, குரலை மறந்துட்டு அடியில மட்டும் கேளுங்க. நெஞ்சத்தைக் கிள்ளாதே படத்துல ஜாகிங் பாட்டு இன்னும் நல்ல உதாரணம். தாளம் என்று கேட்பது பெரும்பாலும் தொடையில் தட்டும் சத்தம். அதனால் பேஸ் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் பேசும். பாடும்போது எதிர்த் திசையில் நடக்கும். வாசிப்பவர் அந்த இடத்தில் கற்பனையாகப் போட்டது என்று நினைக்காதீங்க. ராஜா எல்லா வாத்தியத்துக்கும் போல பேஸுக்கும் நோட்டேஷன் எழுதிக் கொடுப்பவர்.

ரேடியோவில் எப்படிக் கேட்டது?

இப்ப அந்த முதல் கேள்வி. 41 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். ஒரு ஸ்பீக்கர் அதே சத்தத்தில் ஒரு ஆக்டேவ் கீழே இறங்க வேண்டும் என்றால், அதன் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கருக்கு அது சாத்தியமே இல்லை.

ஆனால் ஒரு கம்பி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164, 205 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. ரேடியோ அடியில் இருப்பதை வெட்டினாலும் மேலே உள்ள மடங்குகள் காதுக்கு வந்துவிடும். மூளை அதைப் பார்த்து, இதுக்கெல்லாம் பொதுவான அடிப்படை 41 ஆகத்தான் இருக்கணும்னு கணக்குப் போட்டு, இல்லாத ஸ்வரத்தைத் தானே கேட்டுவிடுகிறது. ஸ்கூல்ல படிச்ச மீப்பெரு பொது வகுத்திதான், வேற ஒண்ணும் இல்ல.

இங்கேதான் என் வாதம். ஒரே ஸ்வரத்தில் 'டும் டும்' என்று நிற்கும் பேஸ் சின்ன ஸ்பீக்கரில் தாளத்தோடு கரைந்துவிடும். நகரும் பேஸ், மேல் ஸ்வரங்களுக்கு ஏறி இறங்கும் பேஸ், ஒரு மெட்டாகக் காதில் பதியும். மயிலாப்பூரில் கற்ற கவுண்டர்பாயிண்டும், நேராக மிக்சருக்குப் போன ஒயரும் சேர்ந்ததால்தான் டீக்கடை ரேடியோவைத் தாண்டியும் அந்த பேஸ் நம்ம அப்பா அம்மா காதில் நின்றது. பிறகு கேசட் வந்தது. ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த கேசட்டை, பஸ்ஸில் வூஃபர் வைத்துப் போட்டபோது அடியில் இருந்ததும் வெளியே வந்தது.

அட்டையில் இல்லாத பெயர்கள்

டெட்ராய்ட்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர். மோட்டவுன் கம்பெனியின் ஹிட் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். டபுள் பேஸிலிருந்து வந்தவர். 1962 மாடல் பிரெசிஷன் பேஸில் தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அதைப் பெரும்பாலும் மாற்றவே மாட்டார். பல வருஷம் அவர் பெயர் எந்த ரெக்கார்டிலும் இல்லை. 1971-ல் மார்வின் கேயின் ஆல்பம் அட்டையில்தான் வந்தது. அவர் இறந்தது 1983. அதற்குப் பிறகு ஒரு புத்தகமும், 2002-ல் ஒரு டாகுமெண்டரியும் வந்தன. உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது.

நம்ம பழைய எல்.பி. அட்டையை எடுத்துப் பாருங்க. இசை, பாடல், குரல். அவ்வளவுதான். இளையராஜா குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்த சசிதரன், ரஹ்மான் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ் மாதிரி சில பெயர்கள் ரசிகர்கள் தேடித் தேடிச் சொன்னதால் பரவின. அவர்களுக்கு முன்னால் மைக் முன் டபுள் பேஸைச் சாய்த்துக்கொண்டு நின்றவர்கள்? அவர்கள் வாசித்தது நம்மகிட்ட இருக்கு, யார் வாசித்தது என்பது இல்லை. சின்த் பேஸும் கீபோர்டும் வந்து வேலை குறைந்தபோதும் அது எந்த அட்டையிலும் பதிவாகவில்லை. உங்க குடும்பத்துல, தெருவுல, சர்ச் குவையர்ல பழைய ஸ்டுடியோ ஆர்ட்டிஸ்ட் யாராவது இருந்தா, போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணுங்க. எந்தப் பாட்டு, எந்த ஸ்டுடியோ, என்ன கம்பி போட்டீங்கன்னு கேளுங்க. இது தள்ளிப் போடுற வேலை இல்ல.

சரி, வாங்கப் போறீங்களா?

80-களின் அந்த உருண்டையான டோன் வேணும்னா ஃப்ளாட்வவுண்ட் போடுங்க. பிரிட்ஜ் பக்கத்துல ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகி, நகம் படாம விரல் சதையில மீட்டுங்க. விலை கூட, ஆனா வருஷக்கணக்கில் உழைக்கும். ஸ்லாப், ராக் என்றால் ரவுண்ட்வவுண்ட். நம்ம ஊர் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் சீக்கிரம் மங்கும், வாசிச்சு முடிச்சதும் துணியால துடைங்க.

வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் பேஸை நேராக மாட்டாதீங்க. மீட்டும்போது வரும் திடீர் அடியை அந்த ஸ்பீக்கர் கோன் தாங்காமல் கிழியலாம். பேஸ் ஆம்ப் வேற. அபார்ட்மெண்ட் என்றால் முதலில் ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். எட்டு மீட்டர் அலை சுவரை மதிக்காது, கீழ் வீட்டு ஆன்ட்டிதான் முதல் விமர்சகர் ஆவாங்க.

டபுள் பேஸ் ஆசை இருந்தா, ஏ.சி. ரூமுக்கும் வெளி ஈரத்துக்கும் நடுவில் அதை அலைக்கழிக்காதீங்க. பசை விட்டு மர இணைப்பு திறந்துக்கும். அந்த வாத்தியத்தின் காலம் முடிஞ்சிடுச்சுன்னும் நினைக்காதீங்க. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோது, அடியில் இருந்தது டபுள் பேஸ் வரிசைதான்.

உங்களுக்குப் பிடிச்ச பேஸ் லைன் எது, அதை வாசிச்சவர் யார்னு தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. பெயரோட அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டா.