குழுச் சிகிச்சை (போதை மீட்பில்)

மது, போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்வோரைச் சிறு குழுவாக உட்காரவைத்து, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் நடத்தும் உளவியல் சிகிச்சை. குடியை நிறுத்தியதும் வரும் கைநடுக்கம், வலிப்பு போன்றவற்றுக்கு முதலில் மருந்து. அவை தணிந்த பிறகே குழு. "நான் அளவாத்தான் குடிப்பேன்" என்று மருத்துவரிடம் சாதிப்பவரால், அதே பொய்யைத் தம் வீட்டில் சொல்லிப் பழகியவர்கள் முன்னால் சாதிக்க முடிவதில்லை. இச்சிகிச்சையின் வலு அங்கேதான் இருக்கிறது. சம்பள நாளன்று கடை வாசலை எப்படித் தாண்டுவது, கல்யாண வீட்டில் நண்பர் கிளாஸை நீட்டினால் என்ன சொல்வது என்பதையெல்லாம் குழுவிலேயே நடித்துப் பார்ப்பதும் உண்டு.

இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய இவ்வமைப்பில் சிகிச்சையாளரும் இல்லை, கட்டணமும் இல்லை. குடியை விட்டவர்களே ஒருவருக்கொருவர் துணை. குடியிலிருந்து மீள இது வகுத்த பன்னிரண்டு படிகளை ஒட்டிய சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்க உதவுவதில் பிற முறைகளை விஞ்சுவதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு கண்டது.

குழு கெடுதலும் செய்யும். 1958இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடெரிச் தொடங்கிய சினனான் என்ற போதை மீட்பு அமைப்பு, ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து வசைபாடுவதையே சிகிச்சையாக்கி, கடைசியில் வன்முறைக் கூட்டமாகச் சீரழிந்தது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளிகளுக்கான குழுச் சிகிச்சையோடு குடும்பத்தினருக்கென்றும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் நடத்துகிறது.