ராத்திரி மூணு மணிக்கு ஒரு களிம்பு டப்பா: அகதா கிறிஸ்டி கம்பவுண்டராக இருந்த கதை

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சின்ன மாற்றத்தை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கிட்டேன். ராத்திரி மூணு மணிக்குத் திடீர்னு முழிப்பு. "அந்த டெஸ்ட் டேட்டாபேஸ் முகவரியை எடுத்தேனா?" யோசிக்க யோசிக்க எடுத்த ஞாபகமே வரலை. இருட்டுல லேப்டாப்பைத் திறந்து பார்த்தா, ஒழுங்கா எடுத்துதான் இருக்கேன். அப்புறம் விடியுற வரைக்கும் தூக்கம் இல்லை.

இதை ஏன் சொல்றேன்னா, சில மாசம் கழிச்சு அகதா கிறிஸ்டியோட சுயசரிதையைப் படிச்சுக்கிட்டிருந்தேன். அவங்க இறந்த பிறகு 1977-ல் வெளிவந்த புத்தகம். அதுல அச்சு அசலா இதே ராத்திரி வருது. ஆனா அவங்க கையில இருந்தது கார்பாலிக் அமிலம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1890-ல் இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில், டார்க்கி என்ற ஊரில் பிறந்தவர் அகதா. எட்டு வயசு வரைக்கும் குழந்தைக்குப் படிக்கக் கத்துக்கொடுக்கக் கூடாது என்பது அவர் அம்மாவின் கொள்கை. அகதா அஞ்சு வயசுக்குள்ளேயே தானாகப் படிக்கக் கத்துக்கிட்டார். அக்கா மேட்ஜ் மூலமாக ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகம். காஸ்டன் லெரூ எழுதிய, பூட்டிய அறைக்குள் குற்றம் நடக்கிற ஒரு பிரெஞ்சு நாவலைப் பற்றி அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தபோது, "நானும் ஒரு துப்பறியும் கதை எழுதிப் பார்க்கணும்" என்கிறார் அகதா. "உன்னால முடியாது" என்கிறார் அக்கா. வீட்ல ஒரு அக்காவோ அண்ணனோ இருக்கிறவங்களுக்கு இது எப்படிச் சுடும்னு நான் சொல்லத் தேவையில்லை.

உடனே எழுதிடலை. 1914-ல் முதல் உலகப்போர் வருது. டார்க்கியில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனை திறக்கிறாங்க. முதலில் நர்ஸ் வேலை, பிறகு மருந்துக்கூடம். நம்ம ஊர் பழைய ஆஸ்பத்திரிகளில் சீட்டைப் பார்த்து மிக்ஸர் கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர் இருந்தாரே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். அதுக்கு ஒரு தேர்வு உண்டு, அதை அவர் 1917-ல் தேறினார். அந்த வேலையில் ஒரு நாள் பரபரப்பு, மறுநாள் மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கணும். சுத்திலும் அலமாரி நிறைய விஷம். முதல் கொலையை விஷத்தால் செய்வதென்று அங்கேதான் முடிவு பண்ணினார்.

இப்போ அந்த ராத்திரி. பகலில் அகதா களிம்பு கலக்கிக்கொண்டிருந்தார். கார்பாலிக் அமிலத்தைக் கொஞ்சம் ஒரு டப்பா மூடியில் ஊற்றி வைத்து, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்த் தூங்கியாச்சு. மூணு மணிக்கு முழிப்பு: அந்த மூடியை என்ன பண்ணினேன்? கழுவின ஞாபகம் இல்லை. தெரியாமல் வேற ஒரு டப்பாவை அதே மூடியால் மூடியிருந்தால்? அந்தக் களிம்பு நாளைக்கு யாரோ ஒரு சிப்பாயின் புண் மேலே போகும். எழுந்து, கோட்டை மாட்டிக்கிட்டு, அந்த இருட்டுல மருத்துவமனைக்கு நடந்தே போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். ஒண்ணுல லேசா வாடை வந்த மாதிரி இருந்தது. நிஜமா பிரமையா தெரியலை. மேல் அடுக்கை வழிச்சு எறிஞ்சிட்டுத்தான் திரும்பினார்.

நான் லேப்டாப்பைத் திறந்ததை இதோட ஒப்பிடுறது கொஞ்சம் ஓவர்தான். என் தப்பால யாரும் சாகப் போறதில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிட மோசம். பயிற்சிக்காக ஊரில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் போய்வந்தார். பெரிய அனுபவசாலி. ஒருநாள் அவர் சப்போசிட்டரி மருந்து தயாரிக்கிறார். பக்கத்தில் நின்ற அகதா கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்க்கிறார். தசமப்புள்ளி ஒரு இடம் தள்ளியிருக்கு. அப்படின்னா பத்து மடங்கு டோஸ். இருபதுகளில் இருக்கிற ஒரு பயிற்சிப் பெண், ஊரே மதிக்கிற மனிதரிடம் "சார், தப்பு" என்று சொல்ல முடியுமா? அதுவும் அந்தக் காலத்துல. அகதா கால் தடுக்கிய மாதிரி நடித்து, மருந்து இருந்த பலகையைக் கவிழ்த்து, விழுந்ததையெல்லாம் மிதிச்சு நசுக்கிட்டு மன்னிப்புக் கேட்டார். மருந்து புதுசா, சரியான அளவில் தயாரானது. சீனியரோட கோடில் பக் கண்டுபிடிச்ச ஜூனியர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். ஆனா இந்த வழியை நான் சிபாரிசு பண்ணலைங்க.

அதே கடைக்காரர் ஒருநாள் பாக்கெட்டிலிருந்து ஒரு கரும் நிறக் கட்டியை எடுத்துக் காட்டினார். க்யூராரே. அம்புமுனையில் தடவுகிற தென் அமெரிக்க விஷம். வாயில் போனால் ஒண்ணும் ஆகாது, ரத்தத்தில் கலந்தால் ஆள் காலி. எதுக்கு இதைச் சுமந்துக்கிட்டுத் திரியுறார்? இது பாக்கெட்டில் இருந்தா தனக்கு ஒரு பலம் இருக்கிற மாதிரி தோணுதாம். இந்த மனிதரை அகதா மறக்கவே இல்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்றேன்.

1916-ல் முதல் நாவல் பாதியில் சிக்கிக்கிச்சு. டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஒரு ஹோட்டலில் போய்த் தங்கி எழுதிமுடின்னு அம்மா யோசனை சொன்னார். காலையில் எழுத்து, மத்தியானம் தனியாக நடந்தபடியே பாத்திரங்களின் வசனத்தைச் சத்தமாகப் பேசிப் பார்க்கிறது. இரண்டு வாரத்தில் முடிந்தது. டார்க்கிக்கு வந்திருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்துத்தான் ஹெர்க்யூல் புவாரோ பிறந்தார். கதையில் வரும் விஷம் ஸ்ட்ரிக்னைன். நம்ம எட்டி மரத்தோட கொட்டையில் இருக்கிறது அதேதான்.

பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் பாட்லி ஹெட் நிறுவனம் எடுத்தது, நீதிமன்றத்தில் நடந்த கடைசி அத்தியாயத்தை மாத்தி எழுதச் சொல்லி. 1920-ல் புத்தகம் வந்தது. கிடைத்தது 25 பவுண்டு. அடுத்த அஞ்சு புத்தகத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிட்டாங்க. அந்த ஒப்பந்தம் எனக்கு நல்லாத் தெரியும், நானும் காலேஜ் முடிச்ச கையோடு அப்படி ஒண்ணுல கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா மருந்தாளர்களின் தொழில் இதழ் ஒன்று, விஷ விவரங்கள் சரியா இருக்குன்னு விமர்சனத்தில் பாராட்டினதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

எழுதும் பழக்கம்? தனி அறையே கிடையாது. ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர் போதும். குளியல் தொட்டியில் ஆப்பிள் கடிச்சபடி கதை யோசிப்பார். குறிப்பு நோட்டுகள் 73 கிடைச்சிருக்கு. எந்த ஒழுங்கும் இல்லை. ஒரே பக்கத்தில் கொலைக்கு இரண்டு மூணு வழிகள், பக்கத்துலேயே வாங்கவேண்டிய சாமான் பட்டியல். கிடைத்த நோட்டில் காலியாக இருந்த பக்கத்தில் எழுதியிருக்கார். ஒரு நாவலின் குறிப்புகள் பல நோட்டுகளில் சிதறிக் கிடக்கும். என் டெஸ்க்டாப்பைப் பார்த்தவங்க இனிமே வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டாம் உலகப்போரில், உலகப் புகழ் வந்த பிறகும், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மறுபடி மருந்துக்கூட வேலைக்குப் போனார்.

இப்போ அந்தக் கடைக்காரர். ஒரு சின்ன ஸ்பாய்லர் வரும், மன்னிச்சிடுங்க. 1961-ல் 'த பேல் ஹார்ஸ்' நாவலை எழுதும்போது அகதாவுக்கு ஞாபகம் வந்தது அவர்தான். அதில் விஷம் தாலியம். உடம்பு தளரும், முடி கொட்டும், டாக்டருக்கு வேற நோய் மாதிரியே தெரியும். இதையெல்லாம் அவர் துல்லியமாக எழுதியிருந்தார். 1977-ல் கத்தார் நாட்டிலிருந்து ஒரு குழந்தையை லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாங்க. பாதி நினைவுதான். என்ன நோய்னு டாக்டர்களுக்குப் பிடிபடலை. அப்போ அந்த நாவலைப் படிச்சுக்கிட்டிருந்த ஒரு நர்ஸ், குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்து, தாலியமா இருக்குமோ என்றார். சோதிச்சாங்க. தாலியமேதான். குழந்தை பிழைச்சது.

அகதா அதுக்கு முந்தைய வருஷம், 1976 ஜனவரி 12-ல் இறந்துட்டார். இந்தச் செய்தி அவருக்குத் தெரியாது.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்னு கேட்டா, முதல் நாவலான 'த மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'-ஐச் சொல்வேன். படிச்சு முடிச்சதும் வீட்ல இருக்கிற இருமல் மருந்து பாட்டிலை எடுங்க. குடிக்கிறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கணும்னு அதுல ஏன் போட்டிருக்குன்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.