வெளிமானுக்கு வெளி எங்கே? கிண்டி தேசியப் பூங்காவின் கதை

காடு பாக்கணும்னா முதுமலைக்கும் வால்பாறைக்கும் பஸ் புக் பண்ற ஊர் நம்ம ஊர். ஆனா மத்திய கைலாஷ்ல இருந்து கிண்டி பக்கம் வண்டியைத் திருப்பினா, இடது கைப்பக்கம் ஒரு நீளமான சுவர் வருதே, அதுக்குப் பின்னாடி 270 ஹெக்டேர்ல ஒரு தேசியப் பூங்கா இருக்கு. இந்தியாவோட ரொம்பச் சின்ன தேசியப் பூங்காக்கள்ல ஒண்ணு. இன்னைக்கு அதோட கதைதான்.

நிறைய பேர் அதை "மான் பார்க்"னு நினைச்சுட்டு விட்டுடறாங்க. முதல்ல அது என்ன காடுன்னு தெரிஞ்சுக்கலாம். அது யாரோ நட்டு வளர்த்த தோப்பு இல்லை. சோழமண்டலக் கடற்கரையோரம் ஒரு காலத்துல பரவலா இருந்த வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. பேரு நீளம், மரம் குட்டை. களா, சூரை, காட்டு எலுமிச்சைனு முள்ளும் புதருமா இருக்கும். போட்டோல பெருசா எடுபடாது. இந்த வகைக் காடு இப்ப கடற்கரை மாவட்டங்கள்ல கோயில் காடுகளா, துண்டு துண்டாத்தான் மிச்சம் இருக்கு. அதுல ஒரு துண்டு அடையாறுக்குப் பக்கத்துல எப்படித் தப்பிச்சது?

சுற்றுச்சூழல் அக்கறையால எல்லாம் இல்லைங்க. ஓய்வெடுக்க ஒரு பங்களா வேணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டதால. 1821-ல், தாமஸ் மன்றோ சென்னை ஆளுநரா இருந்தப்போ, கிண்டி லாட்ஜ்ங்கிற தோட்ட வீட்டையும் சுத்தி இருந்த நிலத்தையும் அரசு வாங்கியது. மவுண்ட் ரோட்ல இருந்த அரசு மாளிகைதான் ஆளுநரோட முக்கிய வீடு. கிண்டி ஊருக்கு வெளியே இருந்த இன்னொரு வீடு. அதைச் சுத்தி இருந்த காடு, வேட்டைக்கான கொல்லைப்புறம். எங்க வேலையில, முக்கியமான ஆள் எழுதின பழைய கோட்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. கிண்டிக் காடும் அப்படித்தான் பிழைச்சது. 1910-ல் 505 ஹெக்டேர் காப்புக்காடா அறிவிக்கப்பட்டது.

அந்த மவுண்ட் ரோட் வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, ஓமந்தூரார் வளாகத்துல புதுத் தலைமைச் செயலகம் கட்டறதுக்காக அதை இடிச்சாங்க. அந்தத் தலைமைச் செயலகமும் இப்ப மருத்துவமனை. அது தனி எபிசோடுக்கான கதை.

சுதந்திரத்துக்கு அப்புறம்தான் கிண்டி சுருங்க ஆரம்பிச்சது. இந்த இடம் எனக்கு ரொம்பச் சுவாரசியம், ஏன்னா இதுல வில்லனே கிடையாது. 1958-ல் ஐஐடிக்காக ஒரு பகுதி மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குப் போனது. அதே வருஷம் நேருவோட விருப்பப்படி மான் சரணாலயத்துக்கும் சிறுவர் பூங்காவுக்கும் ஒரு பகுதி வனத்துறைக்கு வந்தது. 1974, 1975-ல் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள். 1961-ல் இருந்து 1977-க்குள்ள மட்டும் சுமார் 172 ஹெக்டேர் பல அரசுத் துறைகளுக்குப் போச்சு. படிப்பு, ஆராய்ச்சி, தலைவர்களுக்கு மரியாதை. இதுல எதை வேண்டாம்னு சொல்வீங்க? ஒவ்வொரு முறையும் "இந்த ஒரு துண்டுதானே"ன்னு ஒரு நல்ல காரணம் இருந்தது. கூட்டிப் பாத்தா கிட்டத்தட்ட பாதிக் காடு காணோம்.

1977-ல் காடு வனத்துறை கைக்கு வந்தது. 1978-ல் தேசியப் பூங்கா. அப்பாடான்னு நினைக்கறீங்களா? இங்கதான் அந்த மான் வருது.

கிண்டில ரெண்டு வகை மான். புள்ளிமான் பின்னாடி கொண்டு வந்து விட்டது. புல், இலை, புதர் எல்லாத்தையும் சமாளிச்சுக்கும். இன்னொண்ணு, ஆண் கறுப்பாவும் முறுக்கின கொம்போடவும் இருக்கிற பிளாக்பக். அதுக்குத் தமிழ்ல ரெண்டு அழகான பேர் இருக்கு: வெளிமான், புல்வாய். புல்வாய் தொல்காப்பியத்துலயே வர்ற பேரு. ஒண்ணுல வெளி, இன்னொண்ணுல புல். மோப்பத்தை விட கண்ணையும் ஓட்டத்தையும் நம்புற விலங்கு இது. எதிரியைத் தூரத்துலயே பாத்து ஓடித் தப்பிக்கும். அதுக்குத் திறந்த புல்வெளி வேணும். புதர் அடர்ந்தா, கண்ணைக் கட்டி விட்ட மாதிரிதான்.

ஆனா நாம பாதுகாத்தது "காடு". நம்ம மண்டைல காடுன்னா மரம். மரம் நட்டோம், புதர் அடர்ந்தது, புல்வெளி சுருங்கியது. கிண்டி மான்களை ஆராய்ச்சி செஞ்சவங்க வெளிமானுக்கு முக்கியமான இடம்னு சொன்னது, ஆளுநர் மாளிகையோட போலோ மைதானத்தை! வெள்ளைக்காரங்க குதிரையில விளையாடின புல்தரைதான் அதுக்குத் தோதான இடமா இருந்தது. 1980-களோட கடைசியில பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் ஐஐடிக்கும் நடுவுல சுவர் எழும்பியது. காட்டை ஆக்கிரமிப்புல இருந்து காப்பாத்தத்தான் சுவர். அதே சுவர், ஒரே மந்தையா இருந்த மான்களைத் தனித்தனித் தீவுகள்ல விட்டுச்சு. சின்னக் கூட்டம், கூடவே நாய்த்தொல்லை. ஐஐடில படிச்ச நண்பர்கள் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, சொல்வாங்க.

தமிழ்நாட்டுல கோடியக்கரையிலயும், தூத்துக்குடி மாவட்டம் வல்லநாடு குன்றுலயும் வெளிமான் இருக்கு. ஆனா ஒரு மாநகரத்துக்கு நடுவுல இப்படி இருக்கிறது அபூர்வம். என் கருத்தைக் கேட்டா, கிண்டில இன்னும் ஒரு மரம்கூட நட வேண்டாம். புல்லுக்கு இடம் விட்டாப் போதும். மரம் நடு விழாவுக்கு மாலையோட போற மாதிரி, புல்வெளி மீட்பு விழாவுக்கு யாரும் போக மாட்டாங்கங்கிறதுதான் சிக்கல்.

சரி, போனா என்ன பாக்கலாம்? உள்காட்டுக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு நுழைய முடியாது; வனத்துறை அனுமதி வேணும். நரி அங்கதான். 130-க்கு மேல பறவை வகைகளும் இருக்கு. எல்லாருக்கும் திறந்திருக்கிறது 2024-ல் புதுப்பிச்ச சிறுவர் பூங்கா. அங்க சுமார் 2 கோடி வருஷப் பழசான கல்மரம் ஒண்ணு இருக்கு, குழந்தைங்க அதைத் தாண்டி ஊஞ்சலுக்கு ஓடுவாங்க. நீங்க நின்னு பாருங்க. பக்கத்துலயே ராமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்ச பாம்புப் பண்ணை, 1972-ல் இருந்து அங்க இருக்கு. சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு, பாத்துப் போங்க.