பக்கவாத்தியத்தின் குணம்

எட்டயபுரம் என்றதும் பாரதியின் ஞாபகம்தான் எல்லோருக்கும் வரும். அது நியாயமே. ஆனால், கோவில்பட்டிக்குக் கிழக்கே பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மேல்நாட்டு வயலினை நம்முடைய சங்கீதத்துக்கு இசைய வைத்த முன்னோடி என்று சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வானாக இருந்தவர்.

முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி அவர், 1786-ல் பிறந்தவர். சென்னையை அடுத்த மணலியில் குடும்பம் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். அன்னிய வாத்தியம் என்று அதை யாரும் ஒதுக்கிவிடவில்லை. சம்மணம் கூட்டி உட்கார்ந்து, தலைப்பாகத்தைக் காலில் தாங்கி வாசிக்கும்படி அதை மாற்றிக்கொண்டார்கள். தந்திகளுக்கு நம்முடைய ஸட்ஜ பஞ்சமத்தைக் கொடுத்தார்கள். வயலினில் மெட்டு கிடையாது. விரல் வழுக்கிய இடமெல்லாம் சுரம். பாடகர் எங்கே இழைந்து போனாலும் அதுவும் கூடவே போகும்.

ஹார்மோனியமும் மேல்நாட்டிலிருந்து வந்ததுதான். அதன் கட்டைகளோ இருந்த இடத்தைவிட்டு அசையாதவை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே அதற்குப் பாதையே இல்லை. அகில இந்திய வானொலி 1940-ல் அதை விலக்கி வைத்து, 1971-ல்தான் தடையைத் தளர்த்தியது. ஆனால், நம் கரிசல் கிராமங்களில் ஒலிபெருக்கி இல்லாத பொட்டலில் விடிய விடிய நாடகம் நடந்ததே, அங்கே அந்தப் பெட்டி இல்லாமல் எப்படி முடியும்? கடைசி வரிசைக்கும் சுருதி கேட்க வேண்டுமல்லவா? ஹார்மோனியத்தைப் பழித்த வித்வான்களும் தங்கள் சுருதியை 'ஒரு கட்டை', 'இரண்டு கட்டை' என்றுதான் சொன்னார்கள். அந்தக் கட்டை ஹார்மோனியத்தின் கட்டைதான்!

இப்போது வாத்தியங்கள் கணினிக்குள் வந்துவிட்டன. நல்ல கலைஞர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, சுரம் சுரமாக, மெதுவாகவும் அழுத்தியும் பதிவு செய்து வைக்கிறார்கள். விசையைத் தொட்டால் வீணை பேசுகிறது, புல்லாங்குழல் பேசுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

தம்பூராவுக்குக் கவலையில்லை, இருந்த இடத்தில் இருப்பதே அதன் வேலை. மிருதங்கச் சொற்களும் தனித்தனியே பதிவுக்கு இடம் கொடுப்பவை. ஆனால், கூடவே பாடும் வாத்தியத்துக்குத் தோடி காந்தாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆடுவதுதான் அதன் உயிர். வெறும் ஒற்றைச் சுரங்களின் பதிவு அங்கே ஹார்மோனியமாகிவிடும். சுரத்தை வளைக்க வசதியுள்ளதா, இழைவையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சத்தம் இனிமையாக இருப்பது அப்புறம்.

பாலுஸ்வாமி தீட்சிதரின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர், 1904-ல் எட்டயபுரத்தில் அச்சிட்டு வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகள் போட்டார். சுரத்தை மட்டும் எழுதினால் சங்கீதம் அகப்படாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எவ்வளவு நல்ல பதிவானாலும் அதற்குக் காது கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்த மனிதர் பாடகரைக் கேட்டு வாசிப்பார். பதிவுக்கோ பாடகர்தான் காது கொடுக்க வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை நாளடைவில் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எது பாட்டு, எது பக்கவாத்தியம்?