பெயரும் எண்ணிக்கையும்: போருக்குச் சென்ற முன்னோரைத் தேடுதல்

போர்களின் வரலாறு பெரும்பாலும் அரசர், அமைச்சர், தளபதி ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவர்களுடைய ஆணைக்குக் கீழ்ப்படிந்து கடல் கடந்து சென்ற சிப்பாயின் வரலாறோ, 'எங்கள் பாட்டனாரின் தகப்பனார் சண்டைக்குப் போனவர்' என்னும் ஒற்றை வாக்கியத்தோடு அநேக குடும்பங்களில் நின்றுவிட்டது. அவ்வொரு வாக்கியத்திலிருந்து ஒரு மனிதருடைய வாழ்க்கையை மீட்டெடுக்க இயலுமா? மீட்டெடுக்குங்கால் நாம் எவற்றை எதிர்நோக்க வேண்டும்? 1914-1918ஆம் ஆண்டுகளின் முதல் உலகப் போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சென்றோரை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வோம்.

1. எண்ணிக்கையாய் நின்றோர்

வேலூர் லாங் பஜாரிலுள்ள மணிக்கூண்டில் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று உண்டு. இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றனர் என்றும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அது அறிவிக்கிறது. அந்த 14 பேரும் யார் என்பதை அக்கல் கூறவில்லை.

இவ்வழக்கம் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. மெசப்பொத்தாமியாவில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,500க்கும் மேற்பட்டோருக்காக ஈராக்கின் பாஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் 1929ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அதில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ தத்தம் படைப்பிரிவின் பெயருக்குக் கீழ் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். மரணத்தில் யாவரும் சமம் என்ற கொள்கையை அறிவித்த நிறுவனமே இவ்வாறு செய்தது என்பது சிந்திக்கத்தக்கது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழு 2021ஆம் ஆண்டு அறிக்கையொன்றை வெளியிட்டது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் ஏனையோருக்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. ஆணையமும் அதற்காக மன்னிப்புக் கோரியது.

2. சென்றோர் யாவர்?

1881 முதல் 1885 வரை சென்னைச் சேனையின் தலைமைத் தளபதியாயிருந்த பிரெடெரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு ஏற்றவரல்லர் என்று கருதினார். சில இனத்தாரே வீரர், ஏனையோர் வீரரல்லர் என்னும் இக்கொள்கையால் சென்னை மாகாணத்தில் ஆளெடுப்புக் குறைந்தது. ஆயினும் போர் நீண்டு ஆட்கள் தேவைப்பட்டபோது அக்கொள்கை தளர்த்தப்பட்டது. போர்க்காலத்தில் இம்மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 51,000 பேர் போர்வீரராகவும், 41,000 பேர் போரிடாப் பணியாளராகவும் சேர்க்கப்பட்டனர்.

இவ்விரண்டாம் தொகையைத் தேடுவோர் மறத்தலாகாது. சமையற்காரர், தண்ணீர் சுமப்போர், காயமுற்றோரைத் தூக்குவோர், கோவேறு கழுதை ஓட்டுவோர், கூலிப்படையினர் ஆகியோரும் சண்டைக்குப் போனவர்களே. துப்பாக்கி ஏந்தியவர் என்று குடும்பம் நம்பிவந்த முன்னோர், மண்வெட்டி ஏந்தியவராக இருந்திருக்கலாம். அதனால் அவர் சிறியவராகிவிடார்.

3. சான்றுகள்

தேடலை வீட்டிலேயே தொடங்குதல் நலம். பெட்டியின் அடியிற் கிடக்கும் பதக்கம் முதற்சான்றாகும். பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில், பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். போர்வீரருக்கு அது வெள்ளியில் வழங்கப்பட்டது. கூலிப்படையினர் முதலியோருக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. ஆகவே பதக்கத்தின் உலோகமே ஒரு சாட்சி. சிப்பாயின் எண் அவருடைய படைப்பிரிவுக்குள் மட்டும் செல்லுபடியாவதாகையால், எண்ணைப் படைப்பிரிவின் பெயரோடு சேர்த்தே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்தது திருச்சபைப் பதிவேடு. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பனின் தொழிலையும் குறிப்பது வழக்கமாதலால், படைமுகாம் இருந்த ஊர்களின் பழைய ஏடுகளில் சிப்பாய்க் குடும்பங்களின் சுவடுகளைக் காணலாம். மாண்டவராயின், போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். இந்தியர் பலருக்குத் தந்தையின் பெயர், ஊர், வட்டம் ஆகியவையும் அதில் உள்ளன. கல்லில் இடம் பெறாத பெயர் சில வேளைகளில் ஏட்டில் இடம் பெற்றிருக்கிறது. இங்கிலாந்தின் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. அவை தனிச் சிப்பாயின் பெயரை அரிதாகவே கூறும். எனினும் அவருடைய படைப்பிரிவு எந்நாளில் எங்கே நின்றது என்பதைக் கூறும்.

நம் பெயர்களைத் தாம் கேட்டவாறே எழுதிய ஆங்கில எழுத்தர்களால் ஒருவரே மூவராகத் தோன்றுவதும், மூவர் ஒருவராகத் தோன்றுவதும் உண்டு. ஆகையால் பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்திருத்தல் வேண்டும்.

4. விரும்பாத உண்மை

பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படைப் பிரிவு, 1914 நவம்பரில் ஜெர்மானிய கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைத் தாக்கிய சேனையில் இருந்தது. ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட அச்சேனை, லெட்டோ-போர்பெக் என்பவரின் கீழிருந்த சுமார் 1,000 பேரிடம் தோற்றது. நவம்பர் 4ஆம் நாள் கடுஞ்சூட்டுக்கு முன் பாளையங்கோட்டைப் படைப்பிரிவு நிலைகுலைந்து சிதறியது. மறுநாள் சேனை முழுவதும் இயந்திரத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேறியது. 800க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ போயினர்.

தம் முன்னோர் அப்படைப்பிரிவினர் என்று அறியும் குடும்பம் என் செய்யும்? 'ஓடிப்போனவர்' என்று வெட்கி மறைத்தல் ஒரு வழி. இல்லாத வீரத்தைக் கற்பித்தல் மற்றொரு வழி. இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. அவர்கள் நெருக்கடியான கப்பல்களில் பல நாட்கள் அடைபட்டு வந்து, ஓய்வின்றி இறக்கப்பட்டவர்கள். தளபதி எய்ட்கன் எதிரியின் நிலையைச் சரிவர வேவு பார்க்காமலே அவர்களை முன்னே செலுத்தினார். பின்னர் அவர் பதவியிறக்கம் பெற்றார். எனினும் பழி நெடுங்காலம் சிப்பாய்கள் மீதே தங்கியது. சென்னையார் போருக்கு உதவார் என்னும் பழைய கொள்கைக்கும் அது துணைபோயிற்று. தலைமையின் பிழை ஓர் இனத்தின் குறையாக எழுதப்பட்ட விதத்தை இங்கு நாம் தெளிவாகக் காண்கிறோம்.

5. முடிவுரை

முன்னோரைத் தேடுவோர் பெருமையை மட்டும் நாடினால், கிடைத்த சான்றுகளில் பாதியை ஒதுக்கிவிட நேரிடும். கூலியாகவோ, அஞ்சி ஓடியவராகவோ, அயலார் ஆட்சிக்காக அயலாரைச் சுட்டவராகவோ அவர் இருந்திருக்கலாம். அவரை உள்ளபடி அறிவதே அவருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை. பேரரசு அவரை எண்ணிக்கையில் ஒன்றாக வைத்தது. புனைந்துரையோ அவரை வேறொருவராக மாற்றிவிடும். இவ்விரண்டிலுமிருந்து அவரை மீட்பது, அவருடைய பெயரை இன்னும் நினைவிற் கொண்டிருக்கும் முதியோர் உயிரோடிருக்கையிலேயே செய்யத்தக்க பணியாகும். ஒவ்வொரு குடும்பமும் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு படைப்பிரிவு என்பவை நாளைய வரலாற்றாசிரியருக்கு அடிப்படைச் சான்றாய் அமையும்.