எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை

உடல் பருமனையும் அதோடு ஒட்டிவரும் நோய்களையும் குறைப்பதற்காக இரைப்பையின் அளவையோ, உணவு குடலில் போகும் பாதையையோ மாற்றியமைக்கும் சிகிச்சைகளுக்கு இது பொதுப்பெயர். மருத்துவமனைகளில் ‘பேரியாட்ரிக் சர்ஜரி’ என்பார்கள். எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தோலுக்கடியில் குழாய் செருகிக் கொழுப்பை உறிஞ்சும் ‘லைப்போசக்ஷனோடு’ பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் கொழுப்பை யாரும் தொடுவதே இல்லை. அண்மைக் காலத்தில் ‘மெட்டபாலிக் சர்ஜரி’ என்ற இன்னொரு பெயரும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பெயர் ஏன் மாறியது என்று கேட்டால் எழுபது ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. கோதென்பர்க் நகரத்து அறுவை மருத்துவர் விக்டர் ஹென்ரிக்சன், பருமனான ஒரு பெண்ணின் சிறுகுடலில் 105 செ.மீ. நீளத்தை வெட்டி எடுத்ததாக 1952இல் எழுதினார். குடல் குறைந்தால் சத்து உறிஞ்சப்படுவதும் குறையும் என்பது கணக்கு. ஆனால் வெட்டி எறிந்த குடலைத் திரும்ப வைக்க வழியில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர், நெல்சன் ஆகிய மூவரும் 1954இல் வேறு யோசனையை வெளியிட்டார்கள். குடலை எடுக்க வேண்டாம், ஊருக்குள் நுழையாமல் போகும் பைபாஸ் சாலை மாதிரி உணவைச் சுற்றி அனுப்பினால் போதும் என்பதுதான் அது.

லாஸ் ஏஞ்சலஸில் பெய்ன், டிவிண்ட் என்ற மருத்துவர்கள் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். 1969இல் அவர்கள் சொன்ன அளவு: சிறுகுடலின் மேற்பகுதியில் 35 செ.மீ., கடைசிப் பகுதியில் 10 செ.மீ. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள குடலில் உணவு படுவது 45 செ.மீ. மட்டுமே. எடை சரசரவென்று இறங்கியது. விலை பின்னால் வந்தது. ஓயாத வயிற்றுப்போக்கு, மூட்டு வீக்கம், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு, கூடவே சிறுநீரகக் கல். குடலில் கை வைத்தால் சிறுநீரகத்தில் ஏன் கல் வர வேண்டும்? சாப்பாட்டிலுள்ள ஆக்சலேட்டைச் சாதாரணமாகக் கால்சியம் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். உறிஞ்சப்படாத கொழுப்பு குடலில் தேங்கும்போது கால்சியம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. பிடிக்க ஆளில்லாத ஆக்சலேட் ரத்தத்துக்குள் நுழைந்து சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. இந்த அறுவையைச் செய்துகொண்ட பலருக்குக் குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. 1980களில் இது வழக்கொழிந்தது. ‘வயிற்று ஆபரேஷன் செய்தால் ஆயுசுக்கும் சீக்குதான்’ என்ற பயத்துக்கு இந்தத் தலைமுறை நோயாளிகள் பட்ட பாடும் ஒரு காரணம்.

திருப்பம் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் ஒன்றைக் கவனித்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்த பெண்கள் மெலிந்தே இருந்தார்கள், எடை கூட்ட முயன்றாலும் கூடவில்லை. புண் மருத்துவத்தில் தொல்லையாக இருந்த அதே விளைவு பருமனானவர்களுக்கு மருந்தாகலாமே! சிகாஷி இட்டோவோடு சேர்ந்து 1966இல் அவர் செய்ததுதான் முதல் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’. இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலை நேராக அதோடு இணைத்தார். முந்தைய அறுவை உறிஞ்சுவதை மட்டும் தடுத்தது என்றால், இது உண்ணும் அளவையே சுருக்கியது. இதில் பித்தநீர் மேலேறி இரைப்பையைப் புண்ணாக்கும் தொல்லை இருந்தது. அதற்கு விடை ஏற்கெனவே கையில் இருந்தது. சுவிட்சர்லாந்தின் செசார் ரூ, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேறு காரணத்துக்காகக் குடலைக் கவட்டை வடிவில் இணைக்கும் முறையை வகுத்திருந்தார். ஒரு கிளையில் உணவு, மறு கிளையில் பித்தநீரும் கணையநீரும், கீழே இரண்டும் சந்திக்கும். 1977இல் வார்ட் கிரிஃபன் இதை எடைக் குறைப்புக்குக் கொண்டுவந்தார். இன்றைய ‘ரூ-என்-ஒய்’ பைபாஸ் இந்த வம்சம்தான்.

நடுவில் சிலிக்கோன் வளையம் ஒன்று வந்து போனது. இரைப்பையின் கழுத்தில் மாட்டி, தோலுக்கடியில் வைத்த சிறு முனை வழியாக உப்புநீரை ஏற்றி இறக்கினால் இறுக்கம் கூடும், குறையும். இரைப்பையை வெட்ட வேண்டியதில்லை என்பதால் 1990களிலும் 2000களிலும் பெரிய வரவேற்பு. வளையம் நழுவுவதும் சுவரை அரித்து உள்ளே போவதுமாக நாளடைவில் எத்தனையோ பேருக்குக் கழற்ற வேண்டியதாயிற்று.

1993இல் சான் டியாகோவின் ஆலன் விட்குரோவ் பைபாஸைத் துளைவழியே செய்து காட்டினார். மார்பெலும்பிலிருந்து தொப்புள் வரை கிழித்த காயம் ஐந்தாறு சிறு துளைகளாகச் சுருங்கியது. பருமனான உடலில் பெரிய காயம் ஆறுவதே ஒரு போராட்டம் என்பதால், இந்தத் துறை பரவியதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது என்பேன்.

இப்போது உலகில் அதிகம் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ தற்செயலாகப் பிறந்தது. மிகவும் பருமனான, ஆபத்து கூடிய நோயாளிகளுக்கு இரண்டு கட்ட அறுவையில் முதல் கட்டமாக இரைப்பையை மட்டும் ஒடுக்கி, எடை கொஞ்சம் குறைந்ததும் குடலை மாற்றலாம் என்று 2000ஐ ஒட்டி நியூயார்க்கில் மிஷெல் காக்னேர் முதலானோர் திட்டமிட்டார்கள். பலர் முதல் கட்டத்திலேயே நன்றாக மெலிந்துவிட்டார்கள், இரண்டாவதுக்குத் தேவையே வரவில்லை. செய்முறை இதுதான்: வாய் வழியாக விரல் தடிமனுள்ள ஒரு குழாயை இறக்கி, அதை அளவுகோலாக வைத்து, பக்கத்திலேயே ஸ்டேப்ளரால் தைத்துக்கொண்டே வெட்டுவார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெளியே வந்துவிடும். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழல், கொள்ளளவு சின்னக் காபி டம்ளர்.

இது வரைக்கும் எல்லோரும் இதைக் குழாய் வேலை என்றே நினைத்திருந்தார்கள். இடத்தைச் சுருக்கு, வழியைக் குறை, எடை இறங்கும். அமெரிக்காவின் கிரீன்வில் நகரில் வால்டர் போரிஸ் 1995இல் வெளியிட்ட கணக்கு அந்த நினைப்பைக் கலைத்தது. பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியிருந்தது. அதுவும் எடை இறங்கக் காத்திருக்கவில்லை, சில நாட்களிலேயே. சாப்பாடு குறைந்ததும் இதற்கு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமல்ல. 2004இல் பிரான்செஸ்கோ ருபினோ, பருமனே இல்லாத சர்க்கரை எலிகளின் குடல் பாதையை மாற்றியபோதும் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ ஹார்மோன் இரைப்பையில் சுரப்பதை ஜப்பானியர்கள் 1999இல் கண்டுபிடித்திருந்தார்கள். ஸ்லீவில் வெட்டி எடுப்பது அது மிகுதியாகச் சுரக்கும் பகுதியைத்தான். பாதை மாறிய உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்போது, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ‘ஜி.எல்.பி.-1’ கூடுதலாகச் சுரக்கிறது. எடைக் குறைப்புக்காக இன்று பேசப்படும் செமாகுளூடைட் ஊசி அந்த ஹார்மோனைப் போலச் செய்வதுதான். எடையோடு நிற்காமல் உடலின் வளர்சிதை மாற்றத்தையே மாற்றுவதால்தான் ‘மெட்டபாலிக்’ என்ற பெயர் வந்தது.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 1991இல் கோடு போட்டன. உயரத்துக்கும் எடைக்குமான குறியீட்டெண் 40, அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவை இருந்தால் 35. நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது அதிகம், குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் 37.5, 32.5 என்று இறக்கிக்கொண்டார்கள். 2022இல் சர்வதேச அமைப்புகள் இன்னும் இறங்கி வந்தன. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களின் பொதுவாசகம் மட்டும் 40, 35 என்ற பழைய கோட்டிலேயே நிற்கிறது. மருத்துவர் ‘செய்யலாம்’ என்பவருக்குக் காப்பீடு ‘இல்லை’ என்று கைவிரிக்க இது ஒன்றே போதும்.

முடிவெடுத்தவர் எதை எதிர்பார்க்கலாம்? அறுவைக்கு முன்பே இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்த உணவு உண்டு. இரைப்பையை மறைத்துக்கொண்டு கிடக்கும் கொழுத்த கல்லீரல் சுருங்கினால்தான் மருத்துவருக்கு வழி தெரியும். மருத்துவமனையில் இரண்டு மூன்று நாள். தையல் கசிவு, ரத்தக்கசிவு, காலில் ரத்தம் உறைதல் ஆகியவை பயப்பட வேண்டியவை. நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், தோள்வலி இருந்தால் வீட்டில் படுத்துக்கொண்டிருக்கக் கூடாது. தேர்ந்த மையங்களில் உயிராபத்து ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று.

முதல் இரண்டு வாரம் மோர், வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், மிடறு மிடறாக. பிறகு கூழ் பதம், பிறகு குழைவு. ஒரு மாதம் கழித்து முதல் இட்லி. அரை இட்லியைப் பிட்டுப் பிட்டு மென்று முடிக்க இருபது நிமிடம் ஆகும், அதற்கு மேல் ஒரு விள்ளல் போனாலும் நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைக்கும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைத்துப் பழகியவர்களுக்கு எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். பைபாஸ் ஆனவர் ஒரு கப் பாயசம் குடித்தால் வியர்த்துக் கொட்டி, மயக்கம் வந்து, வயிற்றைப் பிசையும். சர்க்கரை குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவதன் விளைவு அது. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். சோற்றை மையமாகக் கொண்ட நம் தட்டில் அது தானாக வராது, முட்டை, பயறு, பன்னீர், மீன் என்று தேடித்தான் வைக்க வேண்டும். மூன்றாவது மாதவாக்கில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து பெண்களைக் கலங்கடிக்கும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். குழந்தைப்பேற்றை ஒன்று, ஒன்றரை ஆண்டு தள்ளிப்போடச் சொல்வார்கள்.

ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையும். 120 கிலோ இருந்தவர் 85, 90க்கு வருவார், 60க்கு அல்ல. தளர்ந்த தோல் தொங்கும். சில ஆண்டுகளில் கொஞ்சம் எடை திரும்புவதும் வழக்கம்தான். 1987இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு நெடுங்கால ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்கள், செய்யாத பருமனானவர்களைவிடச் சுமார் மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. சைவர்கள் பி12ஐ விட்டால் கால் மரத்துப்போவதில் வந்து நிற்கும். பைபாஸ் ஆனவர்கள் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோபினாக் வகை மாத்திரைகளைத் தொடக் கூடாது, இணைப்பில் புண் வந்து ஓட்டையே விழலாம். இரைப்பையில் பிரித்துவிட்ட பெரும்பகுதி உணவே படாமல் உள்ளேதான் கிடக்கிறது. வழக்கமான எண்டோஸ்கோப் அங்கே எட்டாது. பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் வயிற்றுவலியோடு போய்ப் படுத்தால், பார்க்கும் மருத்துவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் என்ன அறுவை, எந்த ஆண்டு என்று எழுதிய சீட்டை பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.